பராக்கு காட்டுகிறவள்

அழுகிற பிள்ளையின் கவனத்தைத் திருப்புவதற்குக் கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் சொல்லும் சொல் 'பராக்கு காட்டுவது'. காக்கா, ஆட்டுக்குட்டி, தெருவில் போகிற டிராக்டர், எது கண்ணில் பட்டாலும் காட்டலாம். வளர்ந்த பெண்ணிடம் அதே சொல் வசவாக வரும்: "என்னடி, பராக்கு பாத்துக்கிட்டு நிக்கிற?" காட்டுவது அவள் வேலை. பார்ப்பது அவளுக்குக் குற்றம்.

இன்று சின்னமனூரிலிருந்தும் போடியிலிருந்தும் பெண்கள் கைக்குழந்தையோடு விமானம் ஏறுகிறார்கள். துபாயோ சிங்கப்பூரோ என்றால் மதுரையிலிருந்து சுமார் நான்கு மணி நேரம். அமெரிக்கா என்றால் சென்னை வரை ஓர் இரவுப் பேருந்து, அதன்பிறகு ஏறக்குறைய ஒரு முழுநாள். கிளம்பும் முன் அவளுக்கு அறிவுரைகள் குவியும். மணிக்கொரு புதுப் பொம்மையாக வெளியே எடு, ஸ்டிக்கர் புத்தகம் வாங்கு, போனில் பாட்டு இறக்கி வை. போனைக் கொடுத்தால் அதற்கும் ஒரு பேச்சு இருக்கிறது. இவற்றில் பலவும் நல்ல யோசனைகள்தாம். அவை ஏன் எப்போதும் அவள் ஒருத்தியின் காதுக்கே வருகின்றன என்பதுதான் என் கேள்வி.

குழந்தை ஏன் அழுகிறது என்பதை முதலில் பார்ப்போம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பில் ஏலக்காட்டுக்குப் போகிற பெண்களுக்குக் காது அடைப்பதும், எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறப்பதும் பழக்கமான விஷயம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. போடிமெட்டைவிட உயரம் அது. தரையிறங்கும்போது அழுத்தம் மறுபடி கூடுகிறது. தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் கைக்குழந்தைக்கு மிகக் குறுகல். வேண்டுமென்றே விழுங்கவும் அதற்குத் தெரியாது. பால் குடித்தால் திறக்கும். பக்கத்து இருக்கைக்காரர் 'அடம்' என்று நினைப்பது பெரும்பாலும் வலி.

வலியில் அழுகிற ஒரு பயணி அடுத்தவருக்குத் தொந்தரவு தரலாம். தொந்தரவு வேறு, தவறு வேறு. தவறு செய்ய அந்தக் குழந்தைக்கு இன்னும் வயதாகவில்லை. ஆனாலும் யாரோ மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. 2019இல் சியோலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன விமானத்தில் ஒரு தாய், 200க்கும் மேற்பட்ட பயணிகளுக்கு மிட்டாயும் காதடைப்பானும் போட்ட சிறு பைகளைக் கொடுத்தார். நான்கு மாதக் குழந்தையே பேசுவதுபோல் எழுதிய ஒரு மன்னிப்புக் குறிப்பும் உள்ளே இருந்தது. உலகமே நெகிழ்ந்தது. எனக்கு அந்தச் செய்தி நெஞ்சை அடைத்தது. இன்னும் நடக்காத அழுகைக்கு இருநூறு பேரிடம் முன்கூட்டியே பணிந்துகொள்ள ஒரு பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அதே 2019இல் ஜப்பான் ஏர்லைன்ஸ், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று இருக்கைப் படத்தில் குறி போட்டுக் காட்டத் தொடங்கியது.

அமைதியைக் கேட்பவர்களை நான் குறைசொல்லவில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவர் அந்த விமானத்தில் இருக்கலாம்; இறங்கியதும் வேலைக்கு ஓடவேண்டியவளும் இருக்கலாம். அவர்களுடைய தூக்கமும் தூக்கம்தான். அதன் விலை முழுவதும் ஒருத்தியின் தலையில் விழுவதைத்தான் சொல்கிறேன். இரண்டு இருக்கை தள்ளிக் காதில் ஹெட்போனோடு படம் பார்க்கும் தகப்பனை யாரும் திரும்பி முறைப்பதில்லை.

நம் பேருந்துகளில் இப்படி இல்லை என்பார்கள். பாதி உண்மை. தேனியிலிருந்து கம்பம் போகும் வண்டியில் பிள்ளை அழுதால் "இங்க குடு தாயி" என்று ஒரு கை நீளும். வீரபாண்டி தாண்டுவதற்குள் பிள்ளை இரண்டு மடி மாறிவிடும். அந்தக் கைகள் எல்லாமே பெண்களின் கைகள். மடிக்கு முன்னால் "எந்த ஊரு?" வரும், அதன் பின்னால் "ஊருல எந்தப் பக்கம்?" வரும். அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்த எவளுக்கும் விளக்க வேண்டியதில்லை. பதிலைக் கேட்டதும் நீண்ட கை மடங்கிப்போவதும் உண்டு.

விடியும் முன்னே ஜீப் ஏறுகிறவளுக்கு அந்த மடியும் கிடையாது. அவள் பிள்ளைக்குப் பகலெல்லாம் பராக்கு காட்டுவது வீட்டிலிருக்கும் கிழவி, இல்லையென்றால் மூத்த பெண்பிள்ளை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் முதலாளி குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாயின் தனிப் பாரமல்ல என்று அரசாங்கமே ஒருமுறை எழுத்தில் ஒப்புக்கொண்டது அது. சின்ன ஏலத்தோட்டத்துக்கு ஒரு ஜீப்பில் போகிறவர்கள் ஐம்பது பேர் தேற மாட்டார்கள். விமானத்தில் ஒருத்தியும் ஏலக்காட்டில் ஒருத்தியும் படுகிற பாடு ஒன்றல்ல. பிள்ளைக்குப் பராக்கு காட்டுவதை வேலையாகவே கணக்கில் சேர்க்காத வழக்கம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது.

பயணத்துக்கு என்ன எடுத்துப்போகலாம் என்று கேட்கிற பெண்களிடம் நானும் ஸ்டிக்கர் புத்தகத்தைச் சொல்வேன். கூடவே இதையும்: துணைக்கு ஆள் வந்தால், முதல் பாதி யாருக்கு, அடுத்த பாதி யாருக்கு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஜன்னல் ஓரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற நேரத்தில் பால் கொடுக்க மட்டும் எழுப்பச் சொல்லுங்கள்.