விரட்டினால் எங்கே போகும்?

ராயப்பன்பட்டியில் மருந்தடிக்கத் தெரியாத வீடு குறைவு. ஒரு மழை பெய்துவிட்டால் போதும், திராட்சைக் கொடியில் அடிச்சாம்பல் நோய் வந்துவிடுமே என்று மறுநாளே ஸ்பிரேயரை முதுகில் மாட்டும் ஊர் இது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதற்குப் பின்னால் அந்த ஓயாத காவலும் இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பழக்கம் வாசலோடு நிற்பதில்லை. அடுப்படியில் ஒரு கரப்பான் ஓடினால், துடைப்பத்துக்கு முன்னால் கை போவது மருந்து டப்பாவுக்குத்தான். தோட்டத்தில் மிஞ்சிய மருந்தையே வீட்டுக்குள் அடிப்பவர்களும் உண்டு. சோறு பொங்கும் இடத்தில் அது கரப்பானைவிடப் பெரிய ஆபத்து.

அடிப்பதற்கு முன் எதை அடிக்கிறோம் என்று பார்க்கலாம். நம் வீடுகளில் அதிகம் தென்படுவது இரண்டு இனம். சாக்கடையிலிருந்து குழாய் வழியாக ஏறி வரும் பெரிய செம்பழுப்பு நிறத்தது ஒன்று. பெயர் அமெரிக்கக் கரப்பான், பூர்வீகம் ஆப்பிரிக்கா. மிக்ஸிக்கு அடியிலும் பிரிட்ஜ் மோட்டாரின் சூட்டிலும் குடியிருக்கும் சின்னது இன்னொன்று. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். இதன் பூர்வீகமும் ஜெர்மனி இல்லை. இந்தியா, மியான்மர் பக்கத்தில் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் வெளியில் வாழ்ந்த ஒரு பூச்சியினத்திலிருந்து பிரிந்து, மனிதக் குடியிருப்புக்குள் நுழைந்தது என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. இன்று காடு மேட்டில் அதற்குப் பிழைப்பு இல்லை. நம்முடைய சூடும் ஈரமும் மிச்சமும்தான் அதன் சொந்த ஊர்.

அதனால்தான் வெறும் மருந்து தோற்கிறது. பெண் கரப்பான் சுமக்கும் முட்டைக் கூட்டை உற்றுப் பாருங்கள். அவரை விதையைவிடச் சின்னது, பழுப்பு நிறம், ஒரு ஓரத்தில் தையல் போட்டது போன்ற விளிம்பு. ஜெர்மன் இனத்தில் ஒரு கூட்டுக்குள் 30 முதல் 40 முட்டை வரை இருக்கும். குஞ்சு வெளிவரும் நேரம் வரை தாய் அதை வயிற்று நுனியில் தொங்கவிட்டே அலையும். மேலே அடிக்கும் மருந்து உள்ளே அவ்வளவு எளிதில் இறங்காது. தப்பிப் பிழைப்பவையோ அடுத்த தலைமுறைக்குத் தாங்கும் சக்தியைக் கொடுத்துவிடுகின்றன. ஒரு மருந்துக்குப் பழகிய கூட்டம், அதுவரை பார்த்தேயிராத வேறு மருந்தையும் ஒரே தலைமுறையில் தாங்கத் தொடங்கியதை அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கேட்காது என்பது நம் திராட்சை விவசாயிக்குப் புதுச் செய்தியா என்ன!

அருவருப்பும் கெடுதலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சுவரில் பறக்கும் ஒன்றைக் கண்டு வீடே அலறுகிறது. ஆனால் அலமாரிக்குப் பின்னால் அதன் எச்சமும் உரித்துப் போட்ட தோலும் செத்த உடலும் பொடியாகித் தூசியோடு கலப்பதை யாரும் கவனிப்பதில்லை. குழந்தைகளின் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுவது அந்தப் பொடி. கரப்பானைக் கொன்ற பிறகும் அது மாதக்கணக்கில் கிடக்கும். சாக்கடையில் நடந்த காலோடு கரப்பான் தட்டில் ஏறினால் வயிற்றுப்போக்குக் கிருமியும் கூடவே ஏறும்.

இதையெல்லாம் தெரிந்தும் நாம் வாய் திறக்காததற்குக் காரணம் வெட்கம். திருவிழாவுக்கு விருந்தாள் வந்திருக்கும்போது ஒன்று எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரியின் முகம்தான் முதலில் சுருங்குகிறது. எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். “அட, எங்க வீட்லயும் இதே கததான். நீங்க என்ன நெனப்பீங்களோன்னு நான் சொல்லல” என்றார். இரண்டு வீட்டுக்கும் சாக்கடை ஒன்று. அவர் மருந்தடிக்கும் நாளில் கரப்பான் என் வீட்டுக்கு வருகிறது, நான் அடிக்கும் நாளில் அவர் வீட்டுக்குப் போகிறது.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எச்சில் பாத்திரம் ராத்திரி தங்கக்கூடாது. சொட்டும் குழாயை மாற்ற வேண்டும். கரப்பான் பசியைப் பொறுக்கும் அளவுக்குத் தாகத்தைப் பொறுக்காது. சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும், காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கக்கூடாது. கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரைச் சர்க்கரையோடு மைதாவில் பிசைந்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத சந்துகளில் வைக்கலாம். மெதுவாகத்தான் கேட்கும், ஆனால் கேட்கும்.

இந்தப் பட்டியலில் கஷ்டமானது முதல் வரிதான். ராத்திரி பத்து மணிக்கு, பகலெல்லாம் தோட்டத்தில் பழம் வெட்டிவிட்டு வந்தவள் ஒருத்தியே பாத்திரத்தையும் தேய்க்க வேண்டும் என்றால், பாதி நாள் அது தொட்டியிலேயேதான் கிடக்கும். சுத்தம் இல்லை என்று அவளைக் குறை சொல்வது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. சாப்பிட்ட ஒவ்வொருவரும் தன் தட்டைக் கழுவி வைப்பதும், தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் சாக்கடை அள்ளுவதும் எந்த டப்பாவிலும் அடைத்து விற்கப்படாத வைத்தியம். அதற்குத் தேவை கொஞ்சம் வெட்கத்தை விடுவது, கொஞ்சம் வேலையைப் பங்கு போடுவது.