ஜீவசுவாசத்தைக் காத்துக்கொள்ளுங்கள்



ஆதியாகமம் 2:7-ஐ எடுத்து வாசியுங்கள். மண்ணாய்க் கிடந்த மனுஷன் எப்போது ஜீவன் பெற்றான்? தேவன் ஊதின பிறகுதான். அந்த சுவாசம் இன்றைக்கு நமக்குள் என்ன செய்கிறது தெரியுமா?

நாம் இழுக்கிற காற்றில் 100-க்கு 21 பங்கு ஆக்சிஜன். நுரையீரலுக்குள்ளே கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப் பைகள். அவற்றைச் சுற்றி மயிரிழையிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள். அங்கேதான் கொடுக்கல் வாங்கல்! இரத்தம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவைக் கொடுத்துவிடுகிறது. வெளியே விடும்போது ஆக்சிஜன் ஏறக்குறைய 16 பங்குதான். நாம் தூங்கினாலும் இந்த வேலை நிற்பதில்லை. அல்லேலூயா!

இந்தப் பைகளைத்தான் டி.பி. கிருமி அரித்துப்போடுகிறது. நம்ம தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பேரே அதற்குச் சாட்சி. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். அன்றைக்கு மாத்திரை இல்லை. நல்ல காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். இன்றைக்கு மாத்திரை உண்டு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஆனால் சிலர், "ஜெபம் பண்ணியாச்சு, மாத்திரை எதுக்கு?" என்கிறார்கள். இருமல் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம் பிரியமானவர்களே! மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்கு அடங்காததாய் எழும்பும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவும். எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கேட்டு 15 வருஷம் கூட்டிக்கொடுத்த தேவன், அத்திப்பழப் பற்றையும் போடச் சொன்னாரே (ஏசாயா 38). அது அவிசுவாசமா?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியைப் பரிசோதியுங்கள். ஆறு மாதம் என்றால் ஆறு மாதமும் சாப்பிடுங்கள். ஜெபிக்கிற வாயே மாத்திரையையும் விழுங்கட்டும். ஆமென்!