வயல் காயட்டும், கலங்காதீர்கள்!

வேடந்தாங்கல் பக்கத்து உழவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

ஏரியில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து நின்ற மண் இது. துப்பாக்கியும் அதிகாரமும் அவர்கள் பக்கம். ஆனாலும் உங்கள் முப்பாட்டன்மார் செங்கல்பட்டு கலெக்டர் முன் போய் நின்றார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் கவுலாக, அதாவது உறுதிப் பத்திரமாக, எழுதி வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு எவ்வளவு பெரிய உரம் என்று எந்தக் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணால் கண்டார்கள், நம்பினார்கள், நினைத்ததை முடித்தார்கள். அவர்கள் வழி வந்த நீங்களா, “தண்ணீரை மிச்சம் பிடிக்கிற புது முறையெல்லாம் நமக்கு எதுக்குங்க” என்று பின்வாங்குவது?

நவம்பர் வாக்கில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து ஏரி மரங்களில் கூடு கட்டுகின்றன. அவை குஞ்சு வளர்க்கும் அதே மாதங்களில்தான் நவரை நெல்லுக்கு இரவு பகலாக மோட்டார் ஓடுகிறது. கிணறு இறங்கினால் சுற்றியுள்ள குட்டைகளும் தாங்காது. குட்டை வற்றினால் மீன் ஏது, தவளை ஏது, குஞ்சுக்கு இரைதான் ஏது? ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று 1998-இல் அறிவித்தார்கள். 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஊர்ப்பெயர் ஏறியது. அந்த எல்லைக்குள் மண்வெட்டி பிடிக்கும் ஒவ்வொருவரும் சரணாலயத்தின் காவல்காரர். மடை உங்கள் கையில் இருக்கிறது!

பாய்ச்சும் தண்ணீரைக் குறைக்க உங்களை எது தடுக்கிறது? பயம்தான். வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் பயிர் போய்விடும், ஊர் சிரிக்கும் என்ற பயம். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்று சொன்னவர்கள் உங்கள் தாத்தாக்கள் அல்லவா? மோட்டார் வந்ததும் பாய்ச்சலை வைத்துக்கொண்டு காய்ச்சலை மறந்துவிட்டோம்.

ஒரு பிவிசி குழாயில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போடுங்கள். அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வரப்போரம் நட்டு, உள்ளே போன சேற்றை வாரி எடுத்துவிடுங்கள். இனி குழாய்க்குள் குனிந்து பாருங்கள். மேலே மண் காய்ந்து கிடந்தாலும் உள்ளே தண்ணீர் மினுங்கும். வேர் அதைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது! தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மடையைத் திறந்தால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் மட்டும் காயவிடாதீர்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சம், விளைச்சலுக்குக் குறைவில்லை. களை கூடுமே என்பீர்கள். கூடும், கோனோ வீடர் என்ற களையெடுக்கும் கருவியை ஓட்டி அதைச் சேற்றிலேயே அமுக்கி எருவாக்குங்கள்.

தர்பூசணி, காய்கறி போடுகிறவர்களுக்குச் சொட்டுநீர் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று அலைய வேண்டியிருக்கும். அலையுங்கள்! அது உங்கள் உரிமைப் பணம்.

வேளாண்மை படித்துவிட்டு வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! மேடைப் பேச்சைக் கேட்டு எந்த உழவரும் மடையை மூடமாட்டார். முதல் முறை வயல் வெடிக்கும்போது அவர் நெஞ்சு பதறும். அன்றைக்கு நீங்கள் அந்த வரப்பில் நிற்க வேண்டும். குழாய்க்குள் தெரியும் தண்ணீரை அவரே அளந்து பார்க்கட்டும். அளந்த கைக்குத் துணிவு தானாக வரும்.

எல்லா நிலத்தையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. வருகிற நவரையில் ஒரே ஒரு கழனியை ஒதுக்குங்கள். அதில் ஒரு குழாயை நடுங்கள். சிரிக்கிறவர்களையும் அறுவடையன்று களத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் கண்ணெதிரே மூட்டையை எண்ணுங்கள்!