எட்டு நிமிஷம் பாக்கி

550 - 0.

1901 சீசனில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் டீம் பதினோரு மேட்ச்சில் எடுத்த புள்ளிகள் 550. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். நம்ம ஊர் கால்பந்து இல்லை இது. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம்.

கடைசி மேட்ச் 1902 புத்தாண்டு அன்று, கலிஃபோர்னியாவின் பாசடீனா ரோஜாத் திருவிழாவில். எதிரே ஸ்டான்ஃபோர்டு. மிச்சிகன் கோச் ஃபீல்டிங் யோஸ்ட், 1900-ல் அதே ஸ்டான்ஃபோர்டுக்குக் கோச்சாக இருந்தவர். ஸ்கோர் 49 - 0. எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு ‘போதும்’ என்றது. ஆட்டம் நின்றது.

ஜெயித்தது தப்பா? இல்லவே இல்லை. வேண்டுமென்றே சுமாராக ஆடுவதுதான் எதிராளிக்கு அவமானம். ஆனால், அடுத்து என்ன ஆச்சு தெரியுமா? 1916 வரை அந்த விழாவில் ஃபுட்பாலே கிடையாது. இடையில் ரதப் பந்தயமெல்லாம் விட்டுப் பார்த்தார்கள். ஜெயிக்கவும் எதிரே ஒரு ஆள் வேண்டுமே!

நான் பி.காம். அண்ணனோடு பாகப்பிரிவினை வந்தபோது பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு ஜெயித்தேன். “போதும்டா” என்றார். என்னிடம் இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மிச்சிகன்காரர்கள் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நாலு பொங்கல் போய்விட்டது. அண்ணனிடமிருந்து போன் இல்லை.

கணக்கு இப்பவும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.