கொடையும் அதன் நிபந்தனையும்

காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் கற்றவர். பின்னர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணினார். மிஷன் பாடசாலையிலே எழுத்தறிந்த யாமும் அந்நன்றியை மறவேம். ஆயினும், மதமாற்றங் கருதி ஈவது கொடையாமோ? வாணிகமேயாம்.

அற்றேல், நிபந்தனையுள்ள கொடையெல்லாந் தீதோவெனின், அன்று. அமெரிக்க வணிகராகிய ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912 முதல் கறுப்பின மக்களின் கிராமப் பாடசாலைகளுக்கு ஈந்தபோது, ஊரவருந் தம் பங்கை இடுதல் வேண்டுமென்றார். ஏறக்குறைய 5,000 பாடசாலைகள் எழுந்தன. வரியிறுத்த ஏழைகளிடம் மீட்டும் வாங்குதல் நீதியோவென்பார்க்கு யாம் விடைகூற வல்லேமல்லேம்.

1848இல் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கோ வீடுதோறும் பிடியரிசி தண்டப்பட்டது. பிடியரிசியிட்ட கிழவி, "என் பேரன் என்ன படித்தான்?" என்று ஆசிரியரை அதட்டிக் கேட்க உரிமையுடையள். செல்வரொருவரே கட்டித்தந்த பாடசாலையில் அவள் வாயிலோடு நின்றுவிடுவாள்.