ஆன்மாவுக்குச் சான்று கேட்கும் கண்

உறைவிடப் பள்ளியைக் களமாகக் கொண்ட நாவல்கள் பல, ஒருவர் தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூரும் கூற்றாகவே அமைவதால், அவற்றைத் திரைக்கு மாற்றுவோர் உள்ளிருந்து சொல்லப்பட்ட ஒரு வாழ்வை வெளியிலிருந்து காட்ட வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகின்றனர். கசுவோ இஷிகுரோ 2005இல் வெளியிட்ட 'நெவர் லெட் மி கோ' நாவலைப் பொறுத்தவரை இது தொழில்நுட்பச் சிக்கலாக நின்றுவிடாமல், ஓர் உயிருக்கு ஆன்மா உண்டென்பதைப் பிறர் எதைக் கொண்டு அறிவது என்னும் மெய்யியல் வினாவாகிறது.

நாவலில் வரும் ஹெயில்ஷம் பள்ளியில் வளரும் பிள்ளைகள் படியெடுப்பு முறையில், அதாவது வேறொரு மனிதரின் மரபணுவை அப்படியே கொண்டு உருவாக்கப்பட்டவர்கள்; வளர்ந்தபின் தம் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிறருக்கு அளித்து இளமையிலேயே இறப்பது அவர்களுக்கு விதிக்கப்பட்டது. அவர்கள் வரைந்தவற்றிலும் எழுதியவற்றிலும் சிறந்தவற்றை 'மேடம்' எனப்படும் பெண்மணி ஒரு காட்சிக்கூடத்துக்கென எடுத்துச் செல்கிறார். அவர்களுக்கும் ஆன்மா உண்டென்று வெளியுலகுக்கு மெய்ப்பிக்கவே அது நடந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே அவர்களுக்குத் தெரியவருகிறது. இப்படிச் சான்று கேட்பது கற்பனையில் மட்டும் நிகழ்ந்ததன்று: 1773இல் ஃபிலிஸ் வீட்லி என்னும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணின் கவிதை நூல் லண்டனில் வெளிவந்தபோது, அவற்றை எழுதியவர் அவரே எனப் பாஸ்டன் நகரப் பெரியவர்கள் 18 பேர் பெயரிட்டு அளித்த சான்றுரை அதில் இடம்பெற வேண்டியிருந்தது. அந்தப் பெரியவர்களுள் எவருக்கும் தமக்கு ஆன்மா உண்டென்று யாரிடமும் மெய்ப்பித்துக் காட்ட நேர்ந்ததில்லை.

நாவல் இந்த விசாரணைக்கு உட்படாமலே தப்பிவிடுகிறது. அப்பிள்ளைகளுள் ஒருத்தியான கேத்தி தன் கதையைத் தன் வாயால் சொல்லத் தொடங்கியதுமே வாசகருக்கு அந்த ஐயம் எழ இடமில்லாமல் போகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம், உயிர் உண்டென நிறுவும் மூன்றாம் சூத்திரத்தில், உடலை 'எனது' என்று கூறும் ஒன்று அவ்வுடலுக்கு வேறாக இருந்தாக வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகக் கொள்வது இங்கு நினைக்கத்தக்கது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல்லே அங்குச் சான்று. கேமராவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முகத்தையும் கையையும் நடையையும் பார்த்து உள்ளே ஒருவர் இருப்பதைக் கணிக்க வேண்டிய அதன் நிலை, ஏறக்குறைய மேடத்தின் நிலைதான்.

மார்க் ரோமனெக் இயக்கி 2010இல் வெளிவந்த படத்துக்கு, இஷிகுரோவின் நண்பரும் தாமே நாவலாசிரியருமான அலெக்ஸ் கார்லண்ட் திரைக்கதை எழுத, இஷிகுரோ நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார். லண்டனை ஒட்டித் தேம்ஸ் கரையில் நிற்கும் 17ஆம் நூற்றாண்டு மாளிகையான ஹாம் ஹவுஸ் ஹெயில்ஷமாக மாறியது. இவர்கள் செய்த மாற்றங்களுள் இரண்டு இவ்வினாவை நேரே தொடுகின்றன. நாவலில் சிறுமி கேத்தி, ஒலிநாடாவில் ஒரு பாட்டைப் போட்டு, தலையணையைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக் கண்மூடி ஆடுகையில், திறந்த கதவுக்கு அப்பால் நின்று மேடம் விம்மி அழுகிறார், ஆனால் உள்ளே வரவில்லை. படத்தில் அவ்விடத்தில் நிற்பவள் தோழி ரூத். கேத்தி, ரூத், இருவரும் விரும்பும் டாமி ஆகியோரின் முக்கோணக் காதலுக்கு இது உதவியிருக்கலாம். ஆயினும், இரங்கி அழுதும் எதையும் மாற்றாமல் விலகிப்போகும் சாட்சியை, பார்வையாளருக்கு மிக நெருங்கிய அந்த உருவை, படம் இழந்துவிட்டது. மற்றொன்று, பிள்ளைகள் வெளியே போகவும் வரவும் பதிவு செய்யும் மின்னணுக் கைப்பட்டை. நாவலில் இத்தகைய கருவி ஏதும் இல்லை. அவர்கள் தப்பியோடாததற்கு அவர்கள் வளர்க்கப்பட்ட விதமே காரணம். கட்டுப்பாட்டைக் கையில் கட்டிக் காட்டியதும், நல்லாசிரியர்களின் அன்பே ஒருவரைப் பலிக்குப் பழக்கும் என்ற கடுமையான உண்மையிலிருந்து பார்வையாளர் எளிதில் தப்பித்துக்கொள்கிறார்.

சான்று சேர்க்கும் முயற்சியைக் கைவிடும் இடங்களிலேயே படம் உயர்கிறது. காட்சிக்கூடத்தின் நோக்கம் தெரிந்து திரும்பும் இரவில், டாமி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி இருளில் அலறுகிறான். அவன் வரைந்த ஓவியங்கள் எதையும் நிறுவவில்லை, இந்த அலறலோ எதையும் நிறுவ முயலவில்லை.

இறுதியில் படம் கேத்தியின் குரலில், தங்கள் வாழ்வும் தங்களால் பிழைத்தோரின் வாழ்வும் அவ்வளவு வேறானவையா என்று ஐயுற வைக்கிறது. இஷிகுரோவும் இந்நாவலை எல்லா மனிதரின் நிலையாமையைப் பற்றியதாக நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார் என்பதால் இது அவர் கருத்துக்குப் புறம்பானதன்று. ஆனால் மூப்பும் நோயும் கொண்டுவரும் இறப்பும், பிறர் நெடுநாள் வாழ்வதற்காகத் திட்டமிட்டு வரவழைக்கப்படும் இறப்பும் ஒன்றல்ல; பின்னதற்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அந்த வசனம் விடுவித்துவிடுகிறது. அதை நீக்கியிருந்தால் படம் நாவலுக்கு இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.