கொண்டி மாட்டினோமா?

பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில் மனிதன் தன் கடமையைச் செய்தானா என்பதற்கு யார் சாட்சி? கிதாபுகளில் பலமுறை படித்த கேள்விதான். ஆனால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையின் பாறைத் தடத்தில், அது நம்மை நடுவழியில் நிறுத்திவிட்டது.

தென்மேற்குக் கடலோரப் பாதை என்பது அதன் பெயர். மைன்ஹெட் என்னும் ஊரில் தொடங்கிப் பூல் துறைமுகம் வரை 630 மைல் நீளம். நேராகப் போகாது, ஒவ்வொரு சிறு குடாவுக்கும் இறங்கும், மறுபடி செங்குத்தாக ஏறும். காரணம் உண்டு. அது உல்லாச நடைக்கென்று போட்ட பாதையன்று. தேயிலை, பிராந்தி, புகையிலை முதலியவற்றைத் தீர்வை கட்டாமல் இரவோடிரவாகக் கரையிறக்கியவர்களைப் பிடிக்கக் கரைக்காவலர் நடந்து நடந்து உண்டான தடம். ஒரு குடாவையும் எட்டிப் பாராமல் விடலாகாது என்பதால், பாதையும் ஒன்றையும் விடவில்லை. ஊரார் அக்காவலரை வெறுத்தனர். அவர்கள் குடியிருக்கத் தனி வீடுகளே கட்ட வேண்டியிருந்தது. (1784-ல் தேயிலைத் தீர்வையை 119 சதவிகிதத்திலிருந்து பன்னிரண்டரைக்குக் குறைத்ததும் தேயிலைக் கடத்தல் தானாகவே படுத்துவிட்டது. சர்க்கார்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி!)

இன்று அந்தக் காவல் இல்லை. பாதை பல இடங்களில் மேய்ச்சல் நிலத்தினூடே செல்கிறது. குறுக்கே மரக்கதவுகள். திறந்து செல்பவர் சாத்திக் கொண்டி மாட்டிவிட்டுப் போக வேண்டும். தவறினால் மாடு வெளியேறிப் பாறை விளிம்புக்குப் போகும். மாட்டினாரா என்று பார்க்க ஆளில்லை. மக்களை நம்பாததால் உண்டான தடம், இப்போது வழிப்போக்கரை நம்பியே நடக்கிறது.

அக்டோபர் கடைசியில் நாமும் நண்பர் ஒருவரும் செயின்ட் ஐவ்ஸிலிருந்து ஸென்னர் நோக்கிப் புறப்பட்டோம். ஆறரை மைல்தான் என்று அலட்சியமாக எண்ணினோம். முழுக்கக் கருங்கல்லும் சேறும். பெரணிச் செடிகள் துருவேறிய இரும்பின் நிறத்தில் மடிந்து கிடந்தன. மேலைக்காற்று மழையை முகத்தில் அறைந்தது. இலையுதிர் காலம் அங்கே கடல்நாய்கள் குட்டி ஈனும் பருவம். கீழே அலைகளுக்கிடையே இரண்டு வழுக்கைத் தலைகள் எழும்பி நம்மைப் பார்த்துவிட்டு மறைந்தன. லண்டனிலிருந்து வந்த பயணிகளாதலால், லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்து, கடலை முதுகுக்கு விட்டுத் தொழுதுகொண்டோம். மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் அடைந்துவிடும்.

ஒரு பள்ளத்தில் கதவொன்றைத் தாண்டி, இறங்கி, எதிர் மேட்டில் மூச்சு வாங்க ஏறியபோது, நாயுடன் ஒரு பெரியவர் எதிரே வந்தார். வணக்கம் சொல்லிக் கடந்து போனார். மேட்டின் உச்சியை அடைந்ததும் உள்ளத்தில் சுருக்கென்றது. அந்தக் கதவுக்குக் கொண்டி மாட்டினோமா?

"வஸ்வாஸ் காக்கா, விடுங்க" என்றார் நண்பர். "ஸலாம் கொடுத்து முடிச்ச பிறகு வர்ற சந்தேகத்துக்குக் கணக்கில்லைன்னு நீங்கதானே சொல்வீங்க?"

சட்டம் அதுதான். ஆனால் உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பதும் ஃபிக்ஹின் பெரும் விதிகளுள் ஒன்றாயிற்றே! மூன்று ரக்அத்தா நான்கா என்று தொழுகைக்குள் ஐயம் வந்தால், மூன்றென்றே வைத்து நிறைவு செய்கிறோம். கதவைத் திறந்தது உறுதி; சாத்தியது சந்தேகம். அப்படியானால் அது திறந்தே கிடக்கிறது என்றல்லவா கொள்ள வேண்டும்? மேலும், தொழுகை அல்லாஹ்வின் ஹக்கு, அவன் தாராளமானவன். மாடு யாரோ ஒரு விவசாயியின் ஹக்கு. அதை மன்னிக்கும் உரிமை நமக்கேது?

"அந்தப் பெரியவர் அந்தப் பக்கம்தானே போறார்? அவர் சாத்திடுவார்" என்றார் நண்பர். அதுவும் நியாயமாகவே பட்டது. இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாக நியாயங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: மஸ்அலா பேசியது நம் நாவு, பேச வைத்தது நம் முழங்கால். அந்தப் பள்ளத்தில் மீண்டும் இறங்கி ஏற நமக்கு மனமில்லை. கதவு சமதரையில் பத்தடி பின்னால் இருந்திருந்தால் எந்த விதியையும் தேடியிருக்க மாட்டோம். பேசாமல் போய்ப் பார்த்திருப்போம். இது தோன்றிய பிறகு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது.

நண்பரைப் பாறை மறைவில் உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினோம். போக இருபது நிமிடம். மழை தடித்தது, ஒருமுறை சேற்றில் வழுக்கிக் கை ஊன்றினோம்.

கதவு சாத்தியிருந்தது. கொண்டியும் ஒழுங்காக மாட்டியிருந்தது. அப்பால் மாடுகள் மழைக்கு முதுகைக் காட்டி நின்றன. கதவடிச் சேற்றில் நம் காலணித் தடமும் கிடந்தது. அதன் மேல் நாயின் காலடியும் பதிந்திருந்தது. மாட்டியது நம் கையா, அந்தப் பெரியவர் கையா?

திரும்பி மேடேறியபோது இருட்டிவிட்டது. நண்பர் டார்ச்சை நம் முகத்துக்கு நேரே பிடித்து, "என்ன காக்கா, மாட்டியிருந்ததா?" என்றார்.

"மாட்டியிருந்தது."

"நான் சொல்லலே?" என்றவர், ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரை ஊற்றி நீட்டினார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.